‘நான் ______’ என்று எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் ஏன் வீட்டை எழுதுகிறார்கள்?

(ஒரு குழு உரையாடல். எழுதியவரை அவரவர் ஊர்ப் பெயர் குறிக்கிறது.)

மஞ்சக்குப்பம் | ஜூன் 18, இரவு 8.40

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘நான் ______’ என்று இருபது கோடு போட்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறோம். வருவது இதுதான்: நான் இன்னாருடைய மகள். நான் மூத்தவள். நான் தேவனாம்பட்டினம். நான் பதினொன்று ‘பி’ பிரிவு. எட்டு, ஒன்பது வரியில் பேனா நின்றுவிடுகிறது. ‘நான் தைரியசாலி’, ‘எனக்குக் கூச்சம் அதிகம்’ என்பதெல்லாம் தேடினாலும் கிடைப்பதில்லை.

நம் பண்பாடு பிள்ளைகளிடம் ‘தான்’ என்ற ஒன்றை வளரவே விடுவதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மகள், அக்கா, ஊர்க்காரி என்று சட்டை மேல் சட்டையாக மாட்டிவிடுகிறோம். உள்ளே ஆளைக் காணோம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

லாஸ்பேட்டை | ஜூன் 18, இரவு 10.15

மறுக்கிறேன் டீச்சர். தாளில் கோளாறு இருக்கிறது, பிள்ளைகளிடம் இல்லை.

இந்தச் சோதனையை 1954-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் மன்ஃபோர்ட் கூன், தாமஸ் மக்பார்ட்லண்ட் இருவரும் 288 மாணவர்களை வைத்து வெளியிட்டார்கள். ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு இருபது பதில், 12 நிமிடம். வந்த பதில்களை இரண்டாகப் பிரித்தார்கள். ‘மாணவன்’, ‘பெண்’, ‘கணவன்’, ‘சிகாகோக்காரன்’ என்று விளக்கமில்லாமல் எல்லாருக்கும் புரிபவை ஒரு பக்கம். ‘சலிப்போடு இருக்கிறேன்’, ‘சுமாராகப் படிப்பேன்’ என்று சொன்னவரைக் கேட்டால்தான் பொருள் தெரிபவை மறுபக்கம்.

உங்கள் கேள்விக்கான பதில் அவர்கள் கண்ட வரிசையில் இருக்கிறது. அந்த அமெரிக்கப் பிள்ளைகளும் முதல் வகையைத்தான் முதலில் கொட்டினார்கள். அது தீர்ந்த பிறகே இரண்டாவது வகைக்குப் போனார்கள். எட்டாவது வரியில் தாளை வாங்கினால் எந்த ஊரிலும் மேல்மண்தான் கையில் வரும். கிணறு வெட்டுகிறவன் எட்டடியில் நிறுத்திவிட்டு இங்கே தண்ணீரே இல்லை என்று சொல்ல முடியாது.

எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள்? தாளின் தலையில் என்ன இருந்தது? யார் வாங்கினார்கள்?

மஞ்சக்குப்பம் | ஜூன் 19, காலை 7.05

நேரம் குறிக்கவில்லை, மணி அடிக்கிற வரை. தலையில் பெயர், தந்தை பெயர், வகுப்பு, பிரிவு, ஊர். வகுப்பாசிரியை வாங்கி அடுக்கினார்.

லாஸ்பேட்டை | ஜூன் 19, இரவு 9.30

அப்படியானால் மூன்று இடத்தில் விடையை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

முதலாவது, தாளின் தலை. 1991-இல் டேவிட் டிராஃபிமோவ், ஹாரி டிரையாண்டிஸ், ஷாரன் கோட்டோ மூவரும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்தார்கள். தாளைக் கொடுக்கும் முன்னால் ஒரு குழுவிடம், குடும்பத்தாரிலிருந்தும் நண்பர்களிலிருந்தும் நீ எதில் வேறுபடுகிறாய் என்று இரண்டு நிமிடம் யோசிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், அவர்களுக்கும் உனக்கும் பொதுவானது என்ன என்று யோசிக்கச் சொன்னார்கள். இரண்டாவது குழுவில் கூட்டத்தைச் சொல்லும் பதில்கள் ஏறின. அமெரிக்க மாணவர், சீன மாணவர் இருவரிடமும் இப்படித்தான். இரண்டு நிமிட யோசனைக்கே அவ்வளவு வலு. ‘தந்தை பெயர்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘நான்’ என்று தொடங்கும் பிள்ளை ‘இன்னாருடைய மகள்’ என்று எழுதாமல் வேறு என்ன எழுதும்? தலைப்பு விவரங்கள் எல்லாம் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். பெயருக்குப் பதில் துண்டுச் சீட்டில் ஓர் எண் போதும்.

இரண்டாவது, வாங்கிய கை. மூலத்தில் உள்ள அறிவுரை: பிறருக்கு அல்ல, உனக்கே பதில் சொல்வதுபோல் எழுது, மனதில் வந்த வரிசையில் எழுது, முக்கியமா, பொருத்தமா என்று பார்க்காதே. வகுப்பாசிரியை மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுதும் தாள் அவருக்கு எழுதும் தாள்தான். அவரிடம் ‘நான் தைரியசாலி’ என்று எந்தப் பிள்ளை எழுதும்?

மூன்றாவது, பக்கத்து பெஞ்சு. விஷயம் தீர்ந்ததும் கண் பக்கத்துத் தாளுக்குப் போகும். வரிசையாக ஆறு தாளில் ஒரே சொல் வந்திருந்தால் அது இதனால்தான். ஒரு இடம் விட்டு உட்கார வையுங்கள்.

இருபது வேண்டாமென்றால் பத்து கோடு போடலாம், பலரும் பத்தே வைக்கிறார்கள். ஐந்துக்குப் போகாதீர்கள்.

வில்லியனூர் | ஜூன் 20, மாலை 6.20

லாஸ்பேட்டை சார் சொன்னது நடத்தும் முறையைப் பற்றி. அதைவிடப் பெரிய சிக்கல் ‘நான் ______’ என்ற அந்த வாக்கியமே.

ஆங்கிலத்தில் ‘நான்’ இல்லாமல் வாக்கியம் நிற்காது. தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். ‘வந்தேன்’ என்றால் போதும், ‘நான்’ வேண்டியதில்லை. வேண்டாத இடத்தில் ‘நான்’ போட்டால் ‘மற்றவர்கள் இல்லை, நான்’ என்ற அழுத்தம் விழும். இருபது முறை ‘நான், நான்’ என்று எழுதச் சொன்னால் இருபது முறை மார்தட்டச் சொல்வதாகத் தமிழ்க் காதுக்குக் கேட்கும். பிள்ளைகள் கூசுவதில் வியப்பில்லை.

அடுத்தது இன்னும் கனமானது. மனசுக்குள் நடப்பதில் பெரும்பங்கைத் தமிழ் ‘நான்’ என்று சொல்வதே இல்லை, ‘எனக்கு’ என்றுதான் சொல்லும். எனக்குப் பிடிக்கும். எனக்குக் கோபம் வரும். எனக்குப் பயம். எனக்குத் தெரியும். எனக்கு ஆசை. எனக்கு வெட்கம். பசியிலிருந்து பாசம் வரை நான்காம் வேற்றுமையில் உட்கார்ந்திருக்கிறது. ‘நான் ______’ என்று அச்சடித்த கணத்திலேயே இவ்வளவுக்கும் கதவைச் சாத்திவிட்டீர்கள். ‘நான்’ என்ற எழுவாய்க்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் சுலபமாக வரும்: மகள், மாணவி, மூத்தவள். பிள்ளைகள் இலக்கணப்படி சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது, பண்பைச் சொல்லும் வாக்கியம். ‘நான் அன்பானவள்’ என்பது தமிழில் சாத்தியம்தான், ஆனால் பேச்சுப் போட்டி வாசனை அடிக்கும். உயிருள்ள தமிழ் என்றால் ‘யார் அழுதாலும் எனக்கும் கண் கலங்கிடும்’ என்பதாக வரும். ஆங்கிலக் கையேட்டை வைத்துப் பதில்களை வகை பிரிப்பவர் இதை ‘சூழல் சார்ந்த செயல்’ என்ற பெட்டியில் போட்டு, பண்புப் பெட்டி காலி என்று எழுதிவிடுவார்.

கோட்டை ‘நான்’ இல்லாமல் போடுங்கள். ‘உன்னைப் பற்றிப் பத்து வாக்கியம். நான், எனக்கு, என்னால், என்னிடம், எப்படி வேண்டுமானாலும் தொடங்கலாம்’ என்று மேலே எழுதினால் போதும். ‘நான் ஒரு…’ என்று ‘ஒரு’வைச் சேர்த்து அச்சடிக்கவே வேண்டாம். அந்த ‘ஒரு’ பெயர்ச்சொல்லைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது.

பாகூர் | ஜூன் 20, இரவு 9.50

அக்கா, ‘நான் தேவனாம்பட்டினம்’ என்ற வரியை டீச்சர் சட்டைக் கணக்கில் சேர்த்திருக்கிறார். அதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் சுற்றிலும் கடலூர் மாவட்டம். பாகூர்க்காரர் சென்னையில் ‘பாண்டி’ என்பார். கடலூர் பேருந்து நிலையத்தில் ‘பாகூர்’ என்பார். பாகூருக்குள் தெருவைச் சொல்வார். புதுச்சேரி நகரத்தில் கேட்டால் மறுபடி ‘பாகூர்’, ஆனால் இந்த முறை ‘நகரத்து ஆளில்லை, வயல்பக்கத்து ஆள்’ என்ற பொருளில். நாலு பதிலும் உண்மை. கேட்டவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துத்தான் ‘நான்’ எவ்வளவு பெரியது என்று முடிவாகிறது. இந்தத் தாளில் கேட்டவர் எங்கே நிற்கிறார்?

லாஸ்பேட்டை | ஜூன் 21, காலை 6.45

தம்பி, கடைசி வரியைப் பத்திரமாக வைத்திருங்கள், திரும்ப வருவோம்.

வில்லியனூர் அம்மா சொன்ன ‘கண் கலங்கிடும்’ விஷயத்துக்குத் துணை. 1984-இல் ரிச்சர்ட் ஷ்வேடர், எட்மண்ட் போர்ன் இருவரும் புவனேஸ்வரில் ஒடியா பேசுவோரிடமும் அமெரிக்கர்களிடமும் தெரிந்த ஆள் ஒருவரை விவரிக்கச் சொன்னதை வெளியிட்டார்கள். அமெரிக்கர் ‘அவள் நட்பானவள்’ என்பார். ஒடியாக்காரர் ‘பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருவாள்’ என்பார். எங்கே, எப்போது, யாரிடம் என்ற மூன்றும் சேர்ந்தே வந்தன. ஒடியாக்காரர்களுக்குப் பொதுமைப்படுத்தத் தெரியாது என்று விளக்க முடியாது என்பதையும் ஆய்வாளர்களே காட்டினார்கள்.

அதே ஆண்டில் ஜோன் மில்லர் மைசூரிலும் சிகாகோவிலும் இன்னொன்று செய்தார். தெரிந்தவர் செய்த ஒரு நல்ல காரியம், ஒரு தப்பான காரியம், ஏன் செய்தார்? அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தைச் சொன்னார்கள், மைசூர்ப் பெரியவர்கள் சூழ்நிலையையும் உறவையும் சொன்னார்கள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் அநேகமாக இல்லை. வயது ஏற ஏறத்தான் பிரிந்தார்கள். ஆக, ஆளைப் பார்க்கும் விதம் வளர்ந்து சேர்வது. உங்கள் பதினொன்றாம் வகுப்பு அந்தப் பாதையின் நடுவில் நிற்கிறது டீச்சர். ஆறாம் வகுப்பிலும் அதே தாளைக் கொடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மஞ்சக்குப்பம் | ஜூன் 21, இரவு 8.10

நடத்திய முறை தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீங்கள் எல்லாரும் சுற்றி வந்து நிற்பது என் பக்கத்தில்தானே? அமெரிக்கர் தனி ஆள், நாம் உறவுக்குள் ஆள்.

லாஸ்பேட்டை | ஜூன் 21, இரவு 10.40

அந்த இரண்டு பெட்டிக்குப் பெயர் வைத்தவர்கள் ஹேசல் மார்க்கஸ், ஷினோபு கிடாயாமா, 1991-இல். தனித்து நிற்கும் தான், சார்ந்து நிற்கும் தான். உதவியான பிரிவு. ஆனால் நாட்டுக்கு ஒரு பெட்டி என்று ஒட்டியதும் உடைந்துபோகிறது.

1997-இல் வந்த ஓர் ஆய்வு, வான் மா, தாமஸ் ஷோனமன் செய்தது. இதே இருபது வாக்கியம். குடும்பம், குழு, பொறுப்பு என்று தன்னைச் சொன்ன பதில்கள் அமெரிக்க மாணவரிடம் 12 விழுக்காடு. கென்யாவின் சம்புரு மக்களிடம் 84, மசாய் மக்களிடம் 80. இது வரைக்கும் உங்கள் கட்சி. ஆனால் நைரோபியில் வேலை செய்வோரிடம் 58. நைரோபிப் பல்கலைக்கழக மாணவரிடம் 17. ஒரே நாட்டுக்குள் 84-க்கும் 17-க்கும் நடுவே இருக்கும் தூரம் பள்ளியும் நகரமும் போட்டது. அமெரிக்க மாணவருக்கும் நைரோபி மாணவருக்கும் இடையில் வெறும் 5.

ஆகவே கடலூரில் ஒரு பள்ளித் தாளை வைத்துத் ‘தமிழ்ப் பண்பாடு’ என்று சொல்லாதீர்கள். மீனவக் குப்பத்துப் பிள்ளை, அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளை, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை மூவரின் தாள்களையும் தனித்தனிக் கட்டாக வையுங்கள்.

முத்தியால்பேட்டை | ஜூன் 23, மதியம் 2.30

தாளின் தலையில் ‘தந்தை பெயர்’ என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். பெயர் எழுதும் முறையே ‘நான் யார்’ என்பதற்கு ஒரு பதில். அதைப் பார்க்க புதுச்சேரியைப் போல் வேறு ஊர் கிடையாது.

தமிழ் முறையில் தலைப்பெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை நகரும். தாத்தா பெயர் அப்பாவுக்கு முன்னெழுத்து, அப்பா பெயர் எனக்கு முன்னெழுத்து, என் பெயர் என் பிள்ளைக்கு. மூன்றாவது தலைமுறையில் தாத்தா தாளை விட்டு இறங்கிவிடுவார். பெண்ணுக்குக் கல்யாணத்தில் எழுத்தே மாறும். பிரெஞ்சு முறையில் குடும்பப் பெயர் உறைந்தது. 21 செப்டம்பர் 1881 ஆணைப்படி, இங்குள்ள இந்தியர்கள் தங்கள் மரபுவழித் தனிச்சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம். வந்தால் திரும்ப முடியாது. மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே பொருந்தும். ஒரு குடும்பப் பெயர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சிலர் பிரெஞ்சுப் பெயரே எடுத்தார்கள். முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாபோர்த்’ என்று வைத்துக்கொண்டார். கதவு என்று பொருள். 1873-இல் ஐரோப்பியச் செருப்புக் காலோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர் அவர்தான். உடை, பெயர், சட்டம் மூன்றையும் மாற்றி ‘நான்’ என்பதைத் தானே எழுத முயன்ற ஒரு தலைமுறை அது.

அப்படி உறைந்த பெயர்கள் இன்றும் உண்டு. எப்போதோ இருந்த ஒரு பாட்டன் பெயர் பேத்தியின் பேத்திக்குக் குடும்பப் பெயராக நிற்கும்.

நடைமுறைக்கு: இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம், நம்மில் பலர் அப்படித்தான் விட்டார்கள். நவம்பர் 2022-இல் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருபவரை ஏற்க மாட்டோம் என்றது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தியது. முன்னெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டவர்களை வெளிநாட்டில் எல்லாரும் அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். படிவத்தின் ஒரு கட்டம் ஆளின் பெயரையே மாற்றிவிடுகிறது. டீச்சர் தாளின் கட்டமும் அதைத்தான் செய்தது.

பாகூர் | ஜூன் 23, மாலை 5.15

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஊர்க்கணக்கு தலைக்கட்டில் போகும். கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு, அவர்மேல் வரி. வரி கட்டுகிறவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு, ஊர்ப் பங்கில் பங்கு. கல்யாணமாகாதவர் அப்பாவின் தலைக்கட்டுக்குள். கணவனை இழந்த பெண் கணக்கிலிருந்து நழுவும் அபாயம் உண்டு. அந்த ஊர்ப் பையன் ‘நான் இன்னும் வரி கட்டலை’ என்று எழுதினால் அது பணத்தைப் பற்றிய வாக்கியம் இல்லை. ‘நான் இன்னும் முழு ஆள் ஆகவில்லை’ என்கிறான்.

வில்லியனூர் | ஜூன் 24, இரவு 7.40

முதலில் என் திருத்தம். 20-ஆம் தேதி ‘நான்’ என்றால் மார்தட்டுவது என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னேன். அது எழுத்துக்கும் வாக்கியத் தொடருக்கும் பொருந்தும். பேச்சில் ‘நான் வரலை’, ‘நான் பார்த்துக்கறேன்’ என்று இயல்பாகவே வருகிறது. அடுக்கடுக்காக இருபது வரும்போதுதான் கூச்சம்.

அடுத்து, சில பள்ளிகளில் இந்தத் தாளோடு தன்மதிப்பு அளவுகோலையும் கொடுக்கிறார்கள், மாரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்டது. பத்து வாக்கியம், நாலு படி விடை, ஐந்து வாக்கியம் நேர், ஐந்து எதிர். தமிழாக்கத்தில் இரண்டு இடம் சறுக்கும்.

ஒன்று, பெயர். இதைச் ‘சுயமரியாதை’ என்று மொழிபெயர்த்தால் போச்சு. 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கத்துக்குப் பிறகு அந்தச் சொல் தமிழில் வேறு கனம் ஏறிவிட்டது. இன்னொருவன் முன்னால் குனியாமல் நிற்பது, சாதியின் பேரால் கீழே வைக்கப்படாமல் இருப்பது என்று அது பொருள் தரும். அமெரிக்க அளவுகோல் கேட்பதோ கண்ணாடி முன்னால் தனியாக நிற்கும்போது உன்னை உனக்குப் பிடிக்கிறதா என்று. தன்னைத் துளியும் பிடிக்காத பிள்ளையும் சுயமரியாதைக்காகச் சண்டைக்கு நிற்கும். மானம், ரோஷம், தன்மானம் எல்லாம் எதிரே ஓர் ஆள் இருந்தால்தான் அர்த்தமாகும் சொற்கள். ‘தன்மதிப்பு’ என்று போடுங்கள், அதைவிட நல்லது தலைப்பே போடாமல் விடுவது.

இரண்டு, எதிர்மறை வாக்கியங்கள். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது நம் வீடுகளில் பிள்ளையின் குரல் இல்லை, திட்டும் பெரியவர் குரல். பிள்ளை அதற்கு ‘ஆம்’ போட்டால் ‘இப்படித்தான் சொல்கிறார்கள்’ என்ற பொருளிலும் போடும். எட்டாவது வாக்கியம் இன்னும் மோசம், ‘என்மேல் எனக்கு இன்னும் மரியாதை இருந்தால் நன்றாக இருக்கும்’ என்பது. மூலத்தில் அது குறையைக் காட்டும் எதிர் வாக்கியம். தமிழில் படித்தால் முன்னேறத் துடிப்பவர் சொல்வதாக இருக்கிறது. நன்றாக இருக்கும் பிள்ளையும் ‘ஆம்’ போடும், மதிப்பெண் குறையும். பல மொழிகளில் இந்த ஒரு வாக்கியம் மற்ற ஒன்பதோடு ஒட்டாமல் போயிருக்கிறது.

மொழிபெயர்த்து, மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்த்தோம், சரியாக வந்தது என்பார்கள். விறைப்பான தமிழ்தான் அப்படித் திருப்பும்போது அச்சு அசலாக வரும். அதனால் இதோடு நிறுத்தக் கூடாது. ஐந்தாறு பிள்ளைகளிடம் வாக்கியத்தைக் கொடுத்து ‘இது என்ன கேட்குது? உன் வார்த்தையில சொல்லு’ என்று கேளுங்கள். இரண்டு பிள்ளை வேறு வேறாகச் சொன்னால் அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள்.

லாஸ்பேட்டை | ஜூன் 25, இரவு 11.20

நானும் ஒன்றைத் திருத்த வேண்டும். 18-ஆம் தேதி ‘இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள்’ என்ற பொருளில் எழுதினேன். தோண்டினால் மட்டும் போதாது. பாகூர்த் தம்பி கேட்ட ‘கேட்டவர் எங்கே நிற்கிறார்?’ என்பதுதான் சாவி.

1989-இல் ஸ்டீவன் கசின்ஸ் ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களிடம் இருபது வாக்கியத் தாளைக் கொடுத்தார். வெறும் ‘நான் யார்?’ என்றபோது எதிர்பார்த்ததே வந்தது: அமெரிக்கர் குணத்தைச் சொன்னார்கள், ஜப்பானியர் பொறுப்பையும் இடத்தையும் சொன்னார்கள். பிறகு கேள்வியை மாற்றினார். வீட்டில் நான் எப்படி, பள்ளியில் எப்படி, நண்பர்களோடு எப்படி என்று இடம் குறித்துக் கேட்டார். முடிவு தலைகீழாகிவிட்டது. ஜப்பானியர் தங்கள் குணத்தைத் தாராளமாகச் சொன்னார்கள். அமெரிக்கர்தான் ‘சில சமயம்’, ‘வீட்டில் இருக்கும்போது மட்டும்’ என்று இழுத்தார்கள். ஆள் உள்ளேதான் இருந்திருக்கிறார். யாரிடம் என்று தெரியாமல் பேச மறுத்திருக்கிறார்.

நம்மிடம் இது பழைய சரக்கு. தற்புகழ்ச்சி தகாது என்பது மரபு. ஆனால் நன்னூல் பாயிரம் புலவனுக்கு நாலு இடத்தில் அனுமதி கொடுக்கிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறம் தெரியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்தபோது. அடக்கம் என்பது தன்னைப் பற்றித் தெரியாமை இல்லை, இடம் பார்த்துத் திறப்பது என்று 13-ஆம் நூற்றாண்டு இலக்கணம் சொல்கிறது. சங்க அகப்பாடல்களை எடுங்கள். ஒருவர் பெயரும் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவி, தோழி, செவிலி, தாய் என்று எல்லாம் உறவுப் பெயர். அந்த உறவுப் பெயருக்குள்ளேதான் தமிழில் மனசு அவ்வளவு நுணுக்கமாகப் பேசியிருக்கிறது. உறவைச் சொன்னால் உள்ளம் காலி என்பது நம் இலக்கியத்தைப் படித்தவர் ஏற்கக்கூடியதில்லை டீச்சர்.

எனவே நன்னூலின் நாலு இடத்தையே தாளாக்குங்கள். ‘உன்னைத் தெரியாத ஊரில் புதுப் பள்ளியில் சேர்கிறாய், பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம் உன்னைப் பற்றி என்ன சொல்வாய்?’ ‘உன்னால் முடியாது என்று ஒருவர் சொல்கிறார், என்ன பதில் சொல்வாய்?’ ‘நீ கேட்கும் உதவித்தொகைக்கு உன்னைப் பற்றி ஒரு கடிதம்.’ ‘போட்டியில் உன்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நடுவரிடம்.’ ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாக்கியம். மொத்தம் இருபதுதான்.

மஞ்சக்குப்பம் | ஜூன் 26, காலை 6.30

இந்த நாலும் போட்டிச் சூழல். அம்மாவிடம் சொல்வது, தோழியிடம் சொல்வது எங்கே? எங்கள் பிள்ளைகள் மனசைத் திறப்பது அங்கேதான்.

லாஸ்பேட்டை | ஜூன் 26, காலை 7.10

சரியான அடி. நடுவரை எடுத்துவிட்டுத் தோழியைப் போடுங்கள். அம்மா வேண்டாம், தாள் வீட்டுக்குப் போகும் என்ற பயம் வரும்.

வில்லியனூர் | ஜூன் 27, இரவு 8.00

பிரிக்கும் வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பாதி ஆய்வு கெடுவது அங்கேதான்.

‘நான் மூத்தவள்.’ ஆங்கிலக் கையேட்டில் இது பிறப்பு வரிசை, சமூக நிலை, அவ்வளவுதான். நம் வீட்டில் மூத்தவள் என்றால் தம்பிக்குப் பால் ஆற்றிக் கொடுப்பவள், தனக்கு வாங்க வேண்டியதைத் தங்கைக்கு விட்டவள், அப்பாவோடு ரேஷன் கடை வரிசையில் நிற்பவள். ‘நான் கடைக்குட்டி’ என்றால் செல்லம், பிடிவாதம், ‘நீ சின்னப் பிள்ளை’ என்று எதையும் சொல்லாமல் மறைக்கப்படுபவள். ‘நான் அம்மா பிள்ளை’ என்பது உறவு வடிவில் வந்த முழுக் குணச்சொல். ‘நான் ஒத்தப் பிள்ளை’ என்பதில் தனிமையும் இருக்கலாம், பெருமையும் இருக்கலாம். ஆங்கிலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல். தமிழில் ‘கூடப்பிறந்தவன்’ என்று சுற்றிச் சொன்னாலொழிய, வயது கலக்காமல் அந்த உறவைப் பேச்சில் சொல்வது கடினம். உறவுப் பெயரிலேயே பாதி குணம் அடைத்து வைத்திருக்கிறது.

இதற்கு ஒரே வழி, பிள்ளையையே கேட்பது. எல்லாத் தாளும் எழுதி முடிந்த பிறகு, முன்னால் அல்ல, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ‘அப்படின்னா?’ என்று ஒரு கட்டம். ‘நான் மூத்தவள். அப்படின்னா? என்ன தப்பு நடந்தாலும் எனக்குத்தான் திட்டு.’ அந்த இரண்டாவது கட்டத்தை வைத்துப் பிரியுங்கள். இரண்டு கட்டத்தையும் தனித்தனியாக எண்ணி வையுங்கள், கலந்துவிட்டால் பிறகு வேறு ஆய்வோடு ஒப்பிட முடியாது.

பிரிக்கும்போது ஒரு வாக்கியம் ஒரு சீட்டு, எண் மட்டும் பின்னால். கலைத்துப் போடுங்கள். ஒரே பிள்ளையின் பத்தையும் வரிசையாகப் படித்தால் முதல் மூன்றை வைத்து மீதியை ஊகித்துவிடுவோம். இருவர் தனித்தனியாகப் பிரித்துவிட்டு ஒப்பிட வேண்டும், கோஹன் கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு இருவரும் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று காட்டும் எண்) 0.7-க்குக் கீழே போனால் பெட்டிகளின் விளக்கம் தெளிவில்லை என்று பொருள். விளக்கத்தைத் திருத்திவிட்டு, புதிதாகக் கலைத்து மறுபடி. பிரிப்பவரில் ஒருவராவது கடற்கரை ஊர்ப்பேச்சு தெரிந்தவராக இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘வரி கட்டலை’ பொருளாதாரப் பெட்டிக்குப் போய்விடும்.

முத்தியால்பேட்டை | ஜூன் 27, இரவு 10.05

பிரெஞ்சுப் பாடம் எடுக்கும் பிள்ளைகளும் ஆங்கில வழிப் பிள்ளைகளும் கலந்திருந்தால் மொழியைக் குறித்து வையுங்கள். கனடாவில் மைக்கேல் ராஸ் குழு 2002-இல் வெளியிட்டது: சீனாவில் பிறந்த மாணவர்கள் சீனத்தில் எழுதினால் ஒரு விதம், ஆங்கிலத்தில் எழுதினால் இன்னொரு விதம். ஒரே மாதிரி ஆட்கள், மொழிதான் வேறு. ‘எந்த மொழியிலும் எழுதலாம்’ என்று விட்டால் எதை அளந்தோம் என்று பிறகு சொல்ல முடியாது. அத்தனை பேருக்கும் தமிழ், அல்லது சீட்டுக் குலுக்கிப் பாதிப் பாதி.

லாஸ்பேட்டை | ஜூன் 28, காலை 6.00

இது எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது, பின்தங்கிவிட்டது. பெற்றோர் சம்மதம், பிள்ளையின் சம்மதம் இரண்டும் எழுத்தில். எழுதாமல் வெள்ளைத் தாளைத் திருப்பித் தரலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டுவது, நல்லதை வாசித்துக் காட்டுவது கூடாது.

பெயரில்லாத் தாளில் ஒரு சங்கடம் இருக்கிறது: ‘நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி’ போன்ற ஒரு வரி வந்தால் அது யார் என்று தெரியாது. அதற்காக எண் சீட்டின் பட்டியலை ஆலோசகர் ஒருவர் மட்டும் பூட்டி வைத்திருக்கட்டும். உயிர் ஆபத்து தெரியும் வரிக்கு மட்டும் திறப்போம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாள்களை அன்று மாலையே ஒருமுறை படித்துவிடுங்கள், வாரக் கடைசிக்கு வைக்காதீர்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, சிறார் உதவி எண் 1098, இரண்டும் தாளின் அடியில் அச்சில் இருக்கட்டும்.

மஞ்சக்குப்பம் | ஜூன் 30, இரவு 9.15

‘உள்ளே ஆளைக் காணோம்’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அப்படி எழுதியிருக்கக் கூடாது.

புதுத் தாள் இப்படி வந்திருக்கிறது. தலையில் எண் மட்டும். முதல் பக்கம்: புதுப் பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம், ஐந்து கோடு. அடுத்து நெருங்கிய தோழியிடம் அல்லது நண்பனிடம், ஐந்து. பின்பக்கம்: உன்னால் முடியாது என்று சொன்னவரிடம், ஐந்து. உதவித்தொகைக் கடிதம், ஐந்து. ‘நான், எனக்கு, என்னால், என்னிடம், எப்படியும் தொடங்கலாம்’ என்ற வரி ஒவ்வொரு பகுதிக்கும் மேலே. நாலு பகுதிக்கும் 20 நிமிடம். கையால் தமிழ் எழுத 12 நிமிடம் பத்தவே பத்தாது. வாங்குவது வகுப்பாசிரியை இல்லை, வாசலில் மூடிய பெட்டி. ‘அப்படின்னா?’ தாள் மறுநாள். தந்தை பெயரை எங்குமே கேட்கவில்லை, வயதும் ஊரும் கடைசி வரியில்.

வில்லியனூர் | ஜூன் 30, இரவு 9.50

இரண்டு சின்ன வேலை. நாலு பகுதியின் வரிசையை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி வைக்காதீர்கள். கடைசியில் வருவதில் பிள்ளைகள் களைத்திருப்பார்கள். நாலு விதமாக அச்சடித்துக் கலந்து கொடுங்கள். ‘தோழியிடம் அல்லது நண்பனிடம்’ என்பதை ‘உனக்கு ரொம்பப் பிடித்த ஒருவரிடம்’ என்று மாற்றுங்கள். சில பிள்ளைகளுக்கு அது பாட்டியாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் | ஜூலை 1, காலை 6.40

மாற்றிவிட்டேன். யாரிடம் என்று அவர்களே எழுத ஒரு சின்னக் கோடும் போட்டிருக்கிறேன்.